மரியசெல்வியின் கால் மதிப்பிடப்பட்ட விதம்

இஸ்திரிப் பெட்டியிலிருந்து தணல் விழுந்தது மரியசெல்விக்குத் தெரியாது. ஏதோ பொசுங்குகிற வாசம் வந்ததும், வேட்டியைத் தீய்த்துவிட்டோம் என்று பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தினாள். வேட்டி மடிப்புக் கலையாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மேசை விரிப்பும் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வாசலில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த சைதூன்தான், "ஏடி செல்வி, காலு! காலப் பாருடி!" என்று கத்தினாள்.

குனிந்து பார்த்தால், வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு கரித்துண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. மரியசெல்வி அதைத் தட்டிவிட்டாள்.

"நல்லவேளக்கா. நான் வாத்தியார் வீட்டு வேட்டின்னு பயந்துட்டேன்" என்றாள்.

சர்க்கரை இருப்பது அவளுக்கு முன்னமே தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சொல்லி, மாத்திரையும் கொடுத்தார்கள். சாப்பிட்டாள். உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டாள். அப்புறம் கால் மெல்ல மெல்ல மரத்துக்கொண்டு வந்தது. பாயில் கால் வைத்தாலும் சரி, முள்ளில் வைத்தாலும் சரி, அவளுக்கு எல்லாம் ஒரே மெத்தைதான். நாள் முழுக்க நின்று தேய்க்கிறவளுக்கு இது ஒருவகையில் வசதியாகக்கூட இருந்தது.

தணல் பட்ட இடம் கொப்புளமாகி, கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. காப்பித்தூள் வைத்துப் பார்த்தாள். நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்த புருஷன் மிக்கேல்ராஜ் தேங்காயெண்ணெய் வைத்துப் பார்த்தான். சைதூன் மட்டும் விடவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போடி. என்ன, சீட்டெடுத்துச் செத்த நேரம் நிக்கணும். அம்புட்டுத்தானே?"

"வலிக்கவே இல்லையேக்கா. வலிக்காத காலத் தூக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அந்த வாரம்தான் மேட்டுப்பட்டித் தெருக்களில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. "உங்கள் சர்க்கரை, உங்கள் பண்பாடு, எங்கள் பொறுப்பு! நலவேர் அறக்கட்டளை நடத்தும் சமுதாய நல மதிப்பீடும் பண்பாட்டுக்கு ஏற்ற சர்க்கரை நோய்த் தடுப்பும்! தேவாலயப் பங்கு மண்டபத்துக்கு வாரீர்!" காலையும் காட்டிவிடலாம், ஆஸ்பத்திரி வரிசையும் மிச்சம் என்று சைதூனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மரியசெல்வி போனாள்.

மண்டபத்தில் அறக்கட்டளையின் இயக்குநர் டாக்டர் ஞானவடிவேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. கோலத்தில் புள்ளிகளின் இடம் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வெளிநாட்டு நிதி கோலத்திலிருந்து சர்க்கரைப் பக்கம் நகர்ந்தபோது அவரும் கூடவே நகர்ந்தார்.

"நாங்க ஊசி போட வரல. மாத்திரை குடுக்க வரல" என்றார் அவர், உருக்கமாக. "ஊசியும் மாத்திரையும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குடுத்துருவாங்க. ஆனா உங்களக் கேக்கறதுக்கு யார் இருக்கா? நாங்க கேக்க வந்திருக்கோம். கேட்டுட்டுப் போயிடுவோம். அதுதான் எங்க தனித்தன்மை."

அறக்கட்டளைப் பெயர் போட்ட பனியன் அணிந்த ஊழியர்கள் கை தட்டினார்கள். கூட்டமும் தட்டியது.

மண்டபத்தில் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் பச்சைத் துணி, ஒன்றில் நீலத் துணி, ஒன்றில் மஞ்சள் துணி. சர்க்கரை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைப்பது பழைய மருத்துவத்தின் ஆணவம் என்றும், இங்கே ஒவ்வொரு பண்பாட்டின் சர்க்கரையும் தனித்தனியே மதிக்கப்படும் என்றும் வாசலில் எழுதிப் போட்டிருந்தது. சைதூனைப் பச்சைக்கும் மரியசெல்வியை நீலத்துக்கும் அனுப்பினார்கள்.

நீல மேசையில் ஃபர்ஹீன் என்கிற கள அலுவலர் டேப்பில் கேள்விப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். முப்பது வயசிருக்கும். களைத்த முகம்.

"அக்கா, கேக் வாரத்துக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?"

"கேக்கா? கிறிஸ்மஸுக்குப் பக்கத்து பேக்கரில ஒண்ணு வாங்குவோம். எம்மவன் தின்னுருவான்."

"வைன்?"

"பூசையில சாமியார் குடிப்பாரும்மா."

"சரி, காலைல என்ன சாப்பாடு?"

"பழைய சோறு."

"மத்தியானம்?"

"சோறு. வெஞ்சனம் ஏதாச்சும் இருந்தா வச்சுக்குவோம்."

"ராத்திரிக்கு?"

"சோறு மிச்சமிருந்தா சோறு. இல்லாட்டி சைதூன் அக்கா குடுக்கற பணியாரம்."

ஃபர்ஹீன் விரலால் டேப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். நீலத்தில் பணியாரம் இல்லை. சோறும் இல்லை. எழுந்து போய் இயக்குநரைக் கூட்டி வந்தாள்.

"என்ன அரிசிம்மா?" என்று கேட்டார் அவர்.

"ரேஷன் அரிசி சார். மூணு வேளைக்கும் அதான்."

"அது பண்பாட்டுல வராதும்மா. அது உணவு வழங்கல் துறை" என்றார் டாக்டர் ஞானவடிவேல் கனிவாக. "பணியாரத்தைக் கலப்புன்னு போடுங்க ஃபர்ஹீன். சோத்தை விட்ருங்க. கேக் ஒண்ணு போதும்."

பச்சை மேசையிலிருந்து சைதூனின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தெனம் பிரியாணி திங்கறியான்னு கேக்கறீகளே, ஒங்க அத்தாவா வந்து ஆடு புடிச்சுக் குடுத்தாரு?"

மரியசெல்வி செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினாள். "சார், நான் வந்ததே இதைக் காட்டத்தான். தணல் விழுந்தது. ஆறவே மாட்டேங்குது. கால் மரத்துக் கெடக்கு."

இயக்குநர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உங்க சமூகத்துல காலுக்கு என்ன இடம்மா?"

மரியசெல்வி யோசித்தாள். "கீழதான் சார்."

"கேட்டீங்களா!" அவர் ஊழியர்களை எல்லாம் அருகே அழைத்தார். "'கீழ'ன்னு சொல்றாங்க! காலைத் தாழ்வா நெனைக்கிற மனப்பான்மை. இது ரத்தப் பரிசோதனையில தெரியுமா? எந்த மிஷின்லயாவது தெரியுமா? பதிஞ்சுக்கங்க, பதிஞ்சுக்கங்க."

பதிந்துகொண்டார்கள். அப்போதுதான் ஃபர்ஹீன் மரியசெல்வியைக் கேட்டறிந்து, மெதுவாக, இந்த அக்காவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது சார் என்றாள். இயக்குநர் சற்றுத் துணுக்குற்றார். இது தடுப்புத் திட்டம். வந்துவிட்டதைத் தடுக்க முடியாது. ஆகவே மரியசெல்விக்குத் திட்டத்தில் இடமில்லை. அதே சமயம், இப்படிப்பட்ட கால் ஒன்றை விட்டுவிடவும் அவருக்கு மனசில்லை. கொஞ்சம் நடந்தார், நின்றார், திரும்பி வந்தார்.

"அம்மா, நீங்க பயனாளி இல்ல. நீங்க சமுதாயத் தூதுவர்."

"அப்படின்னா மருந்து வைப்பீங்களா சார்?"

"கூட்டத்துல எல்லாம் வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும்."

"புண்ணு சார்?"

"அதுக்கு மேல்சிகிச்சைப் பரிந்துரைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. மதிப்பீடு முடிஞ்சதும் கூடும். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போய்க் கட்டு கிட்டு போட்டுறாதீங்க. நடுவுல வைத்தியம் பாத்தா மதிப்பீட்டோட அடிப்படை அளவு கலைஞ்சு போயிடும்."

அவர் நகர்ந்ததும் ஃபர்ஹீன், "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மரியசெல்வி தலையாட்டினாள். போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாளே நாகல்நகரில் ஒரு கூட்டம் வைத்து, வண்டி அனுப்பி, மேடையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். பிழைப்பு முழுக்க நின்றே கழிந்தவளுக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம். காலோ வலிக்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற காலுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் மரியசெல்வி தணல் விழுந்த கதையைச் சொன்னாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு எங்கே நிறுத்தினால் சனங்கள் 'உச்' கொட்டுவார்கள் என்று அவளுக்கே பிடிபட்டுவிட்டது. இயக்குநர் கையிலிருந்த விளக்கை அழுத்தி, அவள் காலின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்றை ஓடவிட்டு விளக்குவார். புண் பெரிதாகப் பெரிதாகப் புள்ளி ஓடுவதற்கும் இடம் தாராளமாயிற்று. எல்லாம் முடிந்ததும் கிரீம் பன்னும் டீயும் கொடுப்பார்கள். சீனி போடாத டீ வேண்டும் என்று அவள் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். விருந்தோம்பலில் இனிப்பைக் குறைப்பது தமிழ்ப் பண்பாட்டைப் புண்படுத்துவதாக இருக்கும் என்று ஆலோசனைக் குழு கருதியதாகச் சொன்னார்கள்.

பிறகு சமையல் முகாம். மதுரையிலிருந்து ஒரு ஓட்டல் சமையல்காரர் வந்து, பச்சைக்குச் சாமை பிரியாணியும் நீலத்துக்குத் தினைக் கேக்கும் மஞ்சளுக்கு வரகு சர்க்கரைப் பொங்கலும் செய்து காட்டினார். வெள்ளைச் சீனியைத் தொடவே இல்லை. அது அந்நியச் சதி. அதற்குப் பதிலாக வெல்லத்தையும் கருப்பட்டியையும் தேனையும் கை கொண்ட மட்டும் அள்ளிப் போட்டார்.

"இதெல்லாம் சக்கரையில சேராதுங்களா?" என்று சைதூன் கேட்டாள்.

"இது நம்ம மண்ணோட இனிப்பும்மா" என்றார் இயக்குநர். "நம்ம மண்ணு நம்மள ஒண்ணும் செய்யாது."

மரியசெல்விக்கு இரண்டு துண்டு கேக் கிடைத்தது. அன்று முழுக்கத் தாகம் தாகம் என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். புண்ணில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. துணி தேய்க்கக் கொடுக்க வருகிறவர்கள் மேசைக்குத் தள்ளி நின்று மூட்டையை நீட்டினார்கள். மிக்கேல்ராஜ், "நாளைக்கு லீவு போடுறேன், ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றான். "பரிந்துரைக் குழு கூடப்போவுதாம். இந்த நேரத்துல போயிட்டா சார் கோவிச்சுக்குவாரு" என்றாள் அவள்.

குழு கூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கியிருந்தது. திட்டத்தின் சிகரமே அதுதான். உடற்பயிற்சி என்கிற சொல் சாமானிய மக்களுக்கு அந்நியமானது என்று மதிப்பீட்டில் தெரியவந்திருந்தது. ஆனால் எல்லாப் பண்பாட்டிலும் நடை இருக்கிறது. பழனிக்கு நடக்கிறார்கள், வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், தர்காவுக்கு நடக்கிறார்கள். ஆகவே பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் வரைக்கும் 'பாரம்பரியப் பாதநடை'. வெறுங்காலோடு.

"சார், செருப்பு மட்டும் போட்டுக்கறேனே" என்றாள் மரியசெல்வி. "ரோடு காஞ்சு கெடக்கும்."

"காலணியும் காலனி ஆட்சியும் ஒண்ணாத்தாம்மா இந்த நாட்டுக்குள்ள வந்தது" என்றார் இயக்குநர். "நம்ம முன்னோர் யாருக்காவது சர்க்கரை இருந்ததா? யாராவது செருப்புப் போட்டாங்களா? யோசிச்சுப் பாருங்க. தூதுவரே செருப்போட வந்தா சமுதாயம் என்ன நெனைக்கும்?"

அவர் ஷூ போட்டிருந்தார். ஆனால் அவர் காரில் வந்ததால் அது நடையில் சேராது.

பங்குனி வெயில். மூன்று நிறக் கொடி பிடித்துக்கொண்டு கூட்டம் கிளம்பியது. சைதூன் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவளை ஊர்வலத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். மரியசெல்வி முன்வரிசையில் நடந்தாள். தார் இளகி மற்றவர்கள் எல்லாம் நெருப்பை மிதித்தவர்கள் மாதிரித் தத்தித் தத்தி நடக்க, அவள் ஒருத்திதான் சீராக, நிமிர்ந்து, கடைத்தெருவுக்குப் போகிறவள் போல நடந்தாள். காரின் சன்னலை இறக்கி இயக்குநர் எல்லாருக்கும் அவளைக் காட்டினார். "பாருங்க, உள்ளத்துல உறுதி இருந்தா உடம்பு எதையும் உணராது!"

வழியில் பழனிக்குப் போகிற காவடிக் கூட்டம் ஒன்று இவர்களோடு கலந்தது. அதில் வந்த பெண் ஒருத்தி மரியசெல்வியின் பின்னால் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, அவள் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க அக்கா, உங்க காலுல ரத்தமுங்க. வழியெல்லாம் வருதுங்க."

மரியசெல்வி திரும்பிப் பார்த்தாள். வந்த பாதை நெடுகக் கறுத்த தாரின் மேல் ஒற்றைக் காலின் தடம் பதிந்து பதிந்து வந்திருந்தது. நல்ல வடிவான தடம். அது தன்னுடையது என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு யாரோ தனக்குப் பின்னாலேயே நடந்து வந்தது போல இருந்தது.

கார் நின்றது. போட்டோக்காரர் தரையில் படுத்துப் படமெடுத்தார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மண்ணோடு ரத்த உறவு" என்று மெல்லச் சொன்னார். சொன்னது நன்றாக இருந்ததால், அறிக்கைக்கு அதையே தலைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று உடனே முடிவு செய்தார். ஃபர்ஹீன் ஓடிவந்து தன் துப்பட்டாவைக் கிழித்துக் காலில் கட்டினாள். சீருடை விதியை மீறியதற்காக அவளிடம் பிறகு விளக்கம் கேட்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் சைதூன்தான் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பாதத்தில் புதைந்திருந்த பாட்டில் கண்ணாடியைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது சைதூன்தான் முகத்தைச் சுளித்தாள். மரியசெல்வி ஏதோ அடுத்த வீட்டுக் காரியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் காய்ச்சல் கொதித்தது. கால் கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது. மிக்கேல்ராஜும் சைதூனும் அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா கட்டைப் பிரித்தாள்.

"ஏம்மா, இம்புட்டு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"மதிப்பீட்டுல இருந்தேன் டாக்டர்" என்றாள் மரியசெல்வி.

பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார்கள். மிக்கேல்ராஜ் வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். மரியசெல்விக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்து பார்த்தாள். விட்டத்தில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ பழம் உரித்துக் கொடுத்தார்கள். அதையும் பார்த்தாள். தேய்க்காமல் கிடக்கிற துணிகளைப் பற்றி யோசிக்கலாம் என்று நினைத்தாள், அதுவும் ஓடவில்லை. சர்க்கரையைத் தினமும் ஊசி போட்டு இறக்கினார்கள். நர்ஸ் ஊசி குத்தும்போது அவள் வேறு பக்கம் திரும்புவதுகூட இல்லை.

டாக்டர் ஞானவடிவேல் ஒரு சாயங்காலம் வார்டுக்கு வந்தார். கையில் சால்வை, பின்னால் போட்டோக்காரர், அவருக்கும் பின்னால் பழக்கூடையோடு ஃபர்ஹீன். கட்டிலில் இடுப்பு வரைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மரியசெல்வி சாய்ந்திருந்தாள். அவர் நின்று பேசுவது நோயாளிக்கு மேலே அதிகாரம் செலுத்துவதாகும் என்று சொல்லி, கட்டிலின் கால்மாட்டில் நெருக்கமாக உட்கார்ந்தார். மரியசெல்விக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது மட்டும் தெரிந்தது.

"அம்மா, எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்றார். "நாளைக்கு அறிக்கை வெளியீட்டு விழா. கடைசி நேரத்துல நீங்க வைத்தியம் பாத்துட்டீங்க. உங்களக் கணக்குல வச்சுக்கவும் முடியல, எடுக்கவும் முடியல. ஆனா நான் உங்களக் கோவிச்சுக்கல. சமுதாயம்னா அப்படித்தான், கொஞ்சம் அவசரப்படும். நாம இதைத் தோல்வியாப் பாக்கக் கூடாது. நீங்க இழந்தது ரெண்டு விரல். நாங்க அடைஞ்சது ஒரு புரிதல்..."

வார்டில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். நல்ல பேச்சு. போர்வையின் கால்மாட்டில் ஒரு சிவப்பு மெல்ல ஊறி வட்டமாக விரிவதை மரியசெல்வி முதலில் பார்த்தாள். அப்புறம்தான் அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"சார்" என்றாள் தயங்கி. "செத்த எந்திரிக்கிறீங்களா? என் கால் மேல உக்காந்திருக்கீங்க."

"அடடா" என்றார் இயக்குநர். "வலிக்குதாம்மா?"

மரியசெல்வி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்ல சார். வலிக்கல."

"நல்லது, நல்லது" என்று அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்துவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஒரு புரிதல். அந்தப் புரிதலை இந்த மாவட்டம் முழுக்க, பழனியில, சேவுகம்பட்டியில, எல்லா ஊர்லயும்..."

ஃபர்ஹீன் கூடையைக் கீழே போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். அதற்குள் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு சைதூன் உள்ளே வந்துவிட்டாள். போர்வையைப் பார்த்தாள். வாளியைச் சன்னலில் வைத்துவிட்டு, டாக்டர் ஞானவடிவேலின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் அதையும் எடுத்துவிட்டார்.

நர்ஸ் வந்து எல்லாரையும் விரட்டிவிட்டுக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். சைதூனுக்கு மூச்சிரைத்தது.

"ஏண்டி செல்வி, மலை மாதிரி ஒரு ஆம்பளை கால் மேல ஏறி உக்காந்திருக்கான். வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"சொன்னேனேக்கா" என்றாள் மரியசெல்வி. "வலிக்குதான்னு கேட்டாரு. இல்லன்னேன்."